விலாவில் பொருத்திய கேமரா
ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சிப்காட் ஒன்றிலும் இரண்டிலும் லேத்தும் விஎம்சியும் ஓட்டுகிறவர்கள், மூக்கண்டப்பள்ளிப் பட்டறைகளில் கிரைண்டிங் பார்க்கிறவர்கள், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் அசெம்பிளி லைனில் நிற்கிறவர்கள், கைபேசி உதிரிபாக ஆலைகளில் பூதக்கண்ணாடிக்குக் கீழே கண்ணை வைத்து வேலை செய்கிற பெண்கள், ஐடிஐ முடித்து இப்போதுதான் அப்ரென்டிஸாக உள்ளே வந்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த முறை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஒன்று கிளம்பினால், தரையிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ராக்கெட்டின் உடம்பிலேயே பொருத்திய கேமரா எடுத்த படத்தைப் பல ஏவல்களுக்குப் பிறகு இஸ்ரோ வெளியிடுகிறது. அதைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். ஷிப்ட் நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும், நேரலை தவறிப்போகும் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை. இந்தப் படம் காத்திருக்கும்.

தரையிலிருந்து எடுக்கும் படம் எல்லோருக்கும் பழகியது. கவுண்ட்டவுன் ஓடும், நெருப்பு கக்கும், புகை தென்னைமர உயரத்துக்கு எழும், கைதட்டல் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ராக்கெட் ஒரு வெளிச்சப் புள்ளியாகி மேகத்துக்குள் போய்விடும். அதற்கப்புறம் திரையில் வருவதெல்லாம் கம்ப்யூட்டர் போட்ட கோடும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களும்தான். ஆனால் ராக்கெட்டின் வேலையில் பெரும்பகுதி அந்தப் புள்ளி மறைந்த பிறகுதான் நடக்கிறது. எரிந்து முடிந்த மோட்டாரைக் கழற்றிப் போடுவது, அடுத்த கட்டத்தைப் பற்றவைப்பது, செயற்கைக்கோளை மூடியிருக்கும் தலைக் கவசத்தைப் பிளந்து தள்ளுவது, கடைசியில் செயற்கைக்கோளை இடிக்காமல் அசைக்காமல் விடுவிப்பது எல்லாமே யாரும் நின்று பார்க்க முடியாத உயரத்தில் நடப்பவை. அங்கே நிற்பது ஒரு கேமரா மட்டும்தான்.

முதலில் 2017 பிப்ரவரி 15 அன்று போன பிஎஸ்எல்வி-சி37இன் படத்தைப் பாருங்கள். ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் போனதே, அந்த ஏவல். காலை 9.28க்குக் கிளம்பியது. பெரியது 714 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோள். இஸ்ரோவின் இரண்டு சின்ன நானோ செயற்கைக்கோள்கள் கூடப் போயின. மிச்சம் 101 வெளிநாட்டவருடையவை. அதில் 88, பிளானெட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஒரே அச்சில் வார்த்த பெட்டிகள். செய்தித்தாள்கள் 104 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டன. எனக்கு அந்த எண்ணைவிட அந்தப் படம்தான் முக்கியம்.

படம் ஏவுதளத்திலேயே தொடங்குகிறது. கேமரா ராக்கெட்டின் உடம்பை ஒட்டிக் கீழ்நோக்கிப் பார்க்கிறது. நெருப்பு பற்றியதும் தரை விலகுகிறது. கட்டடம், சாலை, கடற்கரைக் கோடு, பழவேற்காடு ஏரியின் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சுருங்கும். பக்கவாட்டில் கட்டிய ஆறு மோட்டார்களில் நான்கு தரையிலேயே பற்றுகின்றன; இரண்டு, 25ஆவது விநாடியில், ராக்கெட் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே பற்றுகின்றன. சுமார் 70ஆவது விநாடியில் தரையில் பற்றியவை கழன்று விழுகின்றன, 92இல் மற்ற இரண்டும். டன் கணக்கில் எடையுள்ள ஒரு குழாய், பிடி விட்டதும் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு இடத்திலும் உரசாமல், பின்னால் போய்விடுகிறது. அந்தச் சில விநாடிகளைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மூச்சு ஒரு கணம் நிற்கும். நூற்றுக்கணக்கான முறை சரியாக நடந்த வேலைதான். ஆனாலும் அது உரசாமல் போவதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

பிறகு கிளம்பி 16 நிமிடம் 48 விநாடியில் சுமார் 505 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதை. அடுத்த 12 நிமிடத்துக்குள் 104உம் வெளியே. கார்ட்டோசாட் முதலில் விலகும். கீழே பூமியின் வளைவு, மேலே கறுப்பு, நடுவில் தங்க நிறத் தாள் சுற்றிய அந்தப் பெரிய உடம்பு தள்ளாடாமல் நகர்ந்து போகிறது. அதற்குப் பிறகு பெட்டிகளின் கதவு திறந்து ஸ்பிரிங் தள்ள, சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள் வெளியே வருகின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு திசை, ஒரு நேரம். ஒன்றோடு ஒன்று மோதக் கூடாது என்பதற்காகப் போட்ட கணக்கு அத்தனையும் அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தக் கேமராவை எதற்கு வைக்கிறார்கள்? மக்கள் பார்த்துச் சந்தோஷப்பட என்று நினைத்தால், பாதிக் கதைதான் தெரியும். மீதிக் கதை 2010 டிசம்பர் 25இல் இருக்கிறது. ஜிஎஸ்எல்வி-எஃப்06, ஜிசாட்-5பி செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு கிளம்பியது. 47ஆவது விநாடிவாக்கில் கட்டுப்பாடு போனது. வண்டி திசைமாறி உடைய ஆரம்பித்தது. தரையிலிருந்து அழிக்கும் கட்டளை கொடுத்தார்கள். அந்த வருடம் ஏப்ரலில்தான் இன்னொரு ஜிஎஸ்எல்வி கடலில் விழுந்திருந்தது.

விசாரணைக் குழு கண்டுபிடித்ததை உங்களைப் போன்றவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். எஞ்சினில் கோளாறு இல்லை, எரிபொருளில் கோளாறு இல்லை. கனெக்டர்! மேலே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கீழே முதல் கட்டத்துக்குக் கட்டளையைக் கொண்டுபோகும் கனெக்டர்கள் உட்பட 10 கனெக்டர்கள், ரஷ்யக் கிரையோஜெனிக் கட்டத்தின் அடிப்பகுதியில் இருந்தன. கட்டம் பிரிகிற நேரத்தில் கழல வேண்டியவை அவை. அதற்கு வெகு முன்பே பிடுங்கிக்கொண்டன. அந்த இடத்தை மூடியிருந்த ஷ்ரவுட் பறப்பின்போது நெளிந்ததுதான் காரணமாக இருக்கும் என்று முடிவு செய்தார்கள். கட்டளை கீழே போகவில்லை. 400 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு ஸ்டியரிங் இல்லாமல் போனது.

மூன்று வருடம் கழித்து, 2014 ஜனவரி 5 மாலை 4.18க்கு, ஜிஎஸ்எல்வி-டி5 நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு கிளம்பி ஜெயித்தது. அன்றைக்கு நாடு முழுக்க எஞ்சினைப் பற்றித்தான் பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் அந்த ராக்கெட்டில் செய்த மாற்றங்களின் பட்டியலில் ஒரு வரி இருந்தது. கீழ்ப்பக்க ஷ்ரவுடைப் புதிதாக வடிவமைத்ததோடு, பறக்கும்போது அது எப்படி அசைகிறது என்று பார்க்க ஒரு வீடியோ அமைப்பையும் சேர்த்திருந்தார்கள். ரிஜெக்ட் ஆன ஜாபுக்கு டிராயிங் மாற்றி மறுபடி முதல் பீஸ் ஓட்டும்போது, யார் வந்து பக்கத்தில் நிற்பார்கள், எந்த இடத்தை உற்றுப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே காரணத்துக்குத்தான் அந்தக் கேமரா அங்கே போனது.

நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அளந்து பார்க்காத எதையும் நம்பக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த தொழில். அதனால்தான் இந்தப் படங்களை மற்றவர்கள் பார்ப்பதுபோல் வெறும் காட்சியாகப் பார்க்க எனக்கு வரவில்லை. உங்களுக்கும் வராது என்பது என் நம்பிக்கை. போன வருடம் மூக்கண்டப்பள்ளியில் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ஒரு அறையில் பிஎஸ்எல்வி படம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். தலைக் கவசம் பிரிகிற இடம். அப்ரென்டிஸ் பையன் ஒருவன், பி ஷிப்ட் முடித்து வந்தவன், கையைக்கூட இன்னும் கழுவவில்லை, "சார், நிறுத்துங்க" என்றான். பின்னால் ஓட்டச் சொன்னான். மறுபடி பார்த்தான். "ரெண்டு பாதியும் ஒண்ணாத்தான் கிளம்புது சார். ஒரு பக்கம்கூட இழுக்கல. அடி ஜாயின்ட் முதல்ல விடுதா, சைடு ஜாயின்ட் முதல்ல விடுதா?" என்று கேட்டான். பட்டம் வாங்கியவர்கள் பலரோடு உட்கார்ந்து நான் இதே படத்தைப் பார்த்திருக்கிறேன். யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பிஎஸ்எல்வியின் தலைக் கவசம் 3.2 மீட்டர் விட்டமுள்ள இரண்டு பாதி. அடியில் வட்டமாக ஒரு பட்டை, மெர்மன் பேண்டு என்பார்கள், போல்ட்டால் இறுக்கிப் பிடித்திருக்கும். சின்ன வெடிமருந்து அதை அறுத்ததும் பட்டை தளரும். இரண்டு பாதியும் சேரும் நெடுக்கு மூட்டில் வரிசையாக ரிவெட்டுகள். அந்த மூட்டு நெடுகிலும் உள்ளே ஒரு பெல்லோஸ் குழாய் ஓடுகிறது. அதற்குள் வெடிமருந்துக் கயிறு எரிந்ததும் வாயு நிரம்பி உப்பும், ரிவெட்டுகள் அறுபடும், இரண்டு பாதியும் வெளிப்பக்கம் தள்ளப்படும். வாயுவும் புகையும் குழாய்க்குள்ளேயே அடைபட்டுவிடுவதால் செயற்கைக்கோளின் மேல் ஒரு கரித்தூள்கூடப் படாது. அறுபட வேண்டிய நேரத்தில் அறுபட வேண்டும், அதற்கு முன்னால் எவ்வளவு அதிர்ந்தாலும் அறுபடக் கூடாது. ரிவெட் அடிக்கிறவர்களுக்கும் டார்க் ரெஞ்ச் பிடிக்கிறவர்களுக்கும் இந்த இரண்டு நிபந்தனையையும் ஒரே பாகத்தில் நிறைவேற்றுவது என்ன பாடு என்று தெரியும்.

அது நடக்காமல் போன நாளும் உண்டு. 2017 ஆகஸ்ட் 31, பிஎஸ்எல்வி-சி39. ஐஆர்என்எஸ்எஸ்-1எச் என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளோடு போனது. எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக எரிந்தன. கவசம் மட்டும் திறக்கவில்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த மூடியையும் சுமந்துகொண்டே போனதால் வேகம் குறைந்தது. கடைசியில் செயற்கைக்கோள் கணக்குப்படி விடுபட்டது, மூடிய கவசத்துக்குள்ளேயே. அதற்கு ஆறு மாதம் முன்புதான் சி37 அத்தனை பேரையும் பிரமிக்க வைத்திருந்தது. அடுத்த பிஎஸ்எல்வி, 2018 ஜனவரி 12 அன்று சி40ஆகப் போய் 31 செயற்கைக்கோள்களைச் சரியாக விட்டது. சி39ஐத் தெரிந்துகொண்ட பிறகு எந்தப் படத்திலும் கவசம் பிளக்கும் அந்த நொடியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

கேமரா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கொடுத்த விலை இன்னும் பெரியது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் திரும்பி வரும்போது சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஏவலின்போது 82ஆவது விநாடிவாக்கில் வெளித்தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்திருந்தது. தரையில் இருந்த கேமராக்கள் அதை எடுத்தன. ஆனால் தெளிவாக இல்லை. ஒன்று ஃபோகஸே இல்லாமல் இருந்தது. சில மாதம் முன்பு, 2002 அக்டோபரில் போன இன்னொரு ஓடத்தின் தொட்டியில் கேமரா வைத்துப் பார்த்திருந்தார்கள். கொலம்பியாவின் தொட்டியில் அது இல்லை. இரண்டரை வருடம் கழித்து, 2005 ஜூலை 26 அன்று டிஸ்கவரி ஓடம் கிளம்பியபோது தொட்டியில் கேமரா இருந்தது. மறுபடியும் ஒரு பெரிய நுரைத் துண்டு பெயர்ந்து பறப்பதை அது காட்டியது. அந்தத் துண்டு இறக்கையில் படவில்லை. ஆனால் அந்தச் சில விநாடிப் படத்தால் அடுத்த ஓடம் ஏறத்தாழ ஒரு வருடம் நிறுத்திவைக்கப்பட்டது. உற்பத்தி நிற்கிறதே என்று யாரும் இன்ஸ்பெக்ஷன்காரரை அவசரப்படுத்தாமல் இருப்பதற்கு, படம் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பலம்!

ராக்கெட்டில் கேமரா கட்டும் பழக்கம் நீங்கள் நினைப்பதைவிடப் பழையது. 1946 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்திலிருந்து, ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட் ஒன்றில் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவை வைத்து அனுப்பினார்கள். ஒன்றரை விநாடிக்கு ஒரு படம். 105 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பி விழுந்து ராக்கெட் நொறுங்கியது. எஃகு டப்பாவுக்குள் இருந்த ஃபிலிம் பிழைத்தது. விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் முதல் படம் அந்த டப்பாவிலிருந்து வந்தது. 1967 நவம்பர் 9இல் அப்போலோ 4 போனபோதும் ஃபிலிம்தான். கேமராவையே ஒரு கூண்டில் வைத்துக் கழற்றிவிட்டு, கடலில் விழுந்ததை எடுத்து வந்து கழுவிப் பார்த்தார்கள். கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பெரிய வளையம் கழன்று சுழன்று விழும் அந்தக் காட்சியைப் பிறகு எத்தனையோ ஆவணப்படங்கள் எடுத்துப் போட்டிருக்கின்றன. இன்றைக்குக் கடலில் தேட வேண்டியதில்லை. படம் ரேடியோ அலையில் தரைநிலையங்களுக்கு வந்துவிடுகிறது. ஒரு நிலையத்தின் பார்வையைவிட்டு ராக்கெட் மறையும்போது படம் சிதறினால், அடுத்த நிலையம் பிடிக்கும் வரைக்கும் பொறுத்திருங்கள்.

உங்களைத் தேடிப் பிடித்து இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் ஒரு மணி நேர ஓட்டத்தில், டிராஃபிக் விட்டால், இஸ்ரோவின் தலைமையகம் இருக்கிறது. செயற்கைக்கோள்களைக் கட்டும் யு.ஆர். ராவ் மையம் இருக்கிறது. பீன்யாவில் இஸ்ட்ராக் இருக்கிறது. ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் பின்தொடர்ந்து அவை அனுப்புவதைப் பிடிக்கிற இடம். எச்ஏஎல் ராக்கெட்டின் தொட்டிகளையும் கூடுகளையும் செய்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், டைட்டனின் பொறியியல் நிறுவனம் ஓசூரில் விமானத் துறைக்கு உதிரிபாகம் செய்கிறது. பேளகொண்டப்பள்ளியில் தனி ஓடுபாதையோடு டால் நிறுவனம் சிறு விமானங்களையே கட்டியிருக்கிறது. 3.5 மில்லிமீட்டர் தடிமனில் கைக்கடிகாரம் செய்து காட்டிய ஊர் இது. மைக்ரானைப் பற்றி இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஷாப் ஃப்ளோரில் பல நேரம் நாம் செய்வது எங்கே போகிறது என்றே தெரியாது. டிராயிங்கில் ஒரு பார்ட் நம்பர், ஒரு டாலரன்ஸ், ஒரு சர்ஃபேஸ் ஃபினிஷ் குறி, அவ்வளவுதான். கோ-நோகோ கேஜ் ஒரு பக்கம் போகிறதா, மறுபக்கம் நிற்கிறதா என்று பார்த்து டிரேயில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். நாளைக்கு அதே ஜாப், நாளை மறுநாளும் அதே ஜாப். செய்த பொருள் வேலை செய்வதைச் செய்தவன் பார்ப்பது அபூர்வம். இருசக்கர வண்டி செய்கிறவர்களாவது அதை ராயக்கோட்டை ரோட்டில் தினமும் பார்க்கலாம். வால்வு செய்கிறவர், ஃபிக்சர் செய்கிறவர், கனெக்டருக்கு முலாம் பூசுகிறவர் எங்கே பார்ப்பார்? ராக்கெட்டின் விலாவில் இருக்கும் கேமரா அதைத்தான் காட்டுகிறது: ஒரு பாகம், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை, அந்த ஒரே ஒரு முறை செய்வதை. பக்கத்து லைனில் செய்த ஜாபாக இருந்தாலும் சரி, திருவனந்தபுரத்திலோ மகேந்திரகிரியிலோ யாரோ செய்ததாக இருந்தாலும் சரி, அதைப் பார்க்கும்போது வருகிற சிலிர்ப்பு தொழில் தெரிந்தவனுக்கு மட்டும் சொந்தமானது என்று நான் நினைக்கிறேன். அதை நீங்கள் இழக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ராயக்கோட்டை மலையும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் ஐதர் அலி, திப்பு சுல்தான் கையில் இருந்தவை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் இவை அடங்கிய பாராமகால் பகுதி ஆங்கிலேயரிடம் போனது. அந்த மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் ஐரோப்பியரைத் திகைக்க வைத்ததற்குக் காரணம் மருந்து மட்டும் இல்லை, கூடு. மருந்தை இரும்புக் குழாய்க்குள் அடைத்தார்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கியது, அதனால் ராக்கெட் அதிக தூரம் போனது. 2018இல் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது அப்படிப்பட்ட ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. தகட்டை அடித்து உருட்டி மூட்டிய கொல்லர்களின் பெயர் எதுவும் எங்கேயும் இல்லை. அவர்கள் செய்தது பறந்ததை அவர்கள் பார்த்தார்களா என்றும் எந்தக் குறிப்பும் இல்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் சத்தத்தை அணைத்துவிடுங்கள். வெளியாகும் படங்களில் பெரும்பாலும் பின்னணி இசை சேர்த்திருப்பார்கள். அது உங்களுக்கு எப்போது சிலிர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது வேண்டாம். போனைப் படுக்கவைத்துத் திரை முழுக்க ஓடவிடுங்கள். முதல் தடவை வேகத்தைக் குறைக்காமல் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நீல வானம் கறுத்துவிடும். சூரியன் எரிந்துகொண்டே இருக்கும், ஆனாலும் வானம் கறுப்பு. கிளம்பும்போது ஒல்லியாக நீண்டிருந்த தீப்பிழம்பு, மேலே போகப் போகக் குடைபோல் விரியும். சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் குறைவதை அளவுகோல் இல்லாமலே காட்டுகிற இடம் அது. துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி என்றால் அடிவானம் ஒரு பக்கம் சாய்வதைக் கவனியுங்கள். இலங்கையின் மேல் எரிந்த கட்டம் எதுவும் விழக் கூடாது என்பதற்காக ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்துக்கே எரிபொருள் செலவாகிறது. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் வந்துவிட்டால் சின்ன ராக்கெட்டுகள் நேராகத் தெற்கே போகலாம்.

இரண்டாவது தடவை கால்வாசி வேகத்தில் பாருங்கள். பிரிகிற இடங்களில் பறக்கும் துணுக்குகளைப் பாருங்கள். பனிச்சில்லு, பூச்சுத் துகள், அறுபட்ட பட்டையின் துண்டு எதுவாக இருந்தாலும் மேலே காற்று இல்லை. அதனால் லேசானது மிதக்காது, கனமானது முந்தாது. கிளம்பிய திசையில் எல்லாம் நேர்கோட்டில் போகும். பட்டறையில் ஒரு பர் துண்டு எப்படிச் சுழன்று விழும் என்று தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். எல்விஎம்3 ராக்கெட்டின் படம் கிடைத்தால் இரண்டு எஸ்200 மோட்டார்கள் பிரிவதைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 200 டன்னுக்கு மேல் எரிபொருளை எரித்துவிட்டு வெறுங்கூடாக விலகும். நடுவில் இருக்கும் எஞ்சின்கள் அதற்கு முன்பே பற்றி எரிந்துகொண்டிருக்கும். இறங்க வேண்டியவர்கள் இறங்குவதற்குள் அடுத்தவர் பொறுப்பை வாங்கிவிட்டார். நைட் ஷிப்ட் ஆள் வந்து மெஷினில் நின்ற பிறகுதான் பி ஷிப்ட் ஆள் கையைத் துடைக்க வேண்டும் என்ற நம் ஒழுங்கு அங்கேயும் இருக்கிறது.

வெளிநாட்டுப் படங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2024 ஜூன் 6 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் நான்காவது முறையாகப் பறந்தது. திரும்பி வரும்போது காற்று அழுந்தி எழுந்த வெப்பத்தில் அதன் இறக்கை மடலின் கீல் உருக ஆரம்பித்தது. எல்லாமே நேரலை. உருகிய உலோகம் பொறியாகப் பறக்கிறது, கேமராவின் கண்ணாடி விரிசல் விட்டு அழுக்கேறுகிறது, மடலில் ஓட்டை விழுகிறது. ஆனாலும் அந்த மடல் கட்டளைக்குக் கட்டுப்பட்டு அசைந்துகொண்டே இருந்தது, கலம் இந்தியப் பெருங்கடலில் தலை நிமிர்ந்து இறங்கும் வரைக்கும். ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றவர்கள் அந்த நிறங்களைப் பார்த்தே வெப்பம் என்னவென்று சொல்லிவிடுவார்கள். அதை ஒரு முறை பாருங்கள். பிய்ந்துபோகிற ஒரு பாகம் பிய்ந்துகொண்டே வேலை செய்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தப் படத்தால்தான் இஸ்ரோவிடம் கேட்கவும் எனக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் சார்பாகவும் கேட்கிறேன். வெட்டி ஒட்டி இசை சேர்த்த ஒன்றரை நிமிடப் படம் போதாது. கிளம்பியதிலிருந்து கடைசிவரை வெட்டாத படம் வேண்டும். ஓரத்தில் விநாடி, உயரம், வேகம் மூன்றும் ஓட வேண்டும். எந்த மூட்டு, எந்தப் பட்டை, எந்த மோட்டார் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இரண்டு வரி இருந்தால் ஓசூரில் எல்லோரும் படிப்பார்கள். தோற்ற ஏவல்களின் படமும் வர வேண்டும். 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்து தோற்றது. அப்படிப்பட்ட பறப்பில் கேமரா என்ன பார்த்தது என்பதைக் காட்டினால், அதிலிருந்து அதிகம் கற்கப்போவது தரையில் ஜாப் செய்கிறவர்கள்தான். ஒரு ரிஜெக்ஷன் எதனால் வந்தது என்று லைனில் நிற்பவனுக்குச் சொல்லாத இடத்தில் அடுத்த ரிஜெக்ஷன் வந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஐடிஐயில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஃபாஸ்டனர் பாடம் நடத்தும் நாளில் சி37 படத்தைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டுங்கள். கேன்டீன் டிவியின் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடமும் சொல்லிப் பாருங்கள். ஏவல் நாளில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை ஓடினால் போதும். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களே, உங்களுக்கு என்று தனியாக ஒன்று: மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகிய கண் எந்த அசைவையும் தவறவிடாது. சங்கதியைப் பையன்கள் சொல்லிக் கேட்காமல் நீங்களே முதலில் பாருங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். சி37 படத்தில் கார்ட்டோசாட் விலகும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். பட்டை விட்டதும் அதைத் தள்ளுவது வட்டமாக வைத்த ஸ்பிரிங்குகள். அதில் ஒன்று கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினாலும் செயற்கைக்கோள் அந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் சாயும். அது சாய்கிறதா, சாயவில்லையா? பின்னால் தெரியும் பூமியின் விளிம்பை ஒரு கோடாக வைத்து, செயற்கைக்கோளின் அடி விளிம்பை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரையில் ஸ்கேல் வைத்து அளந்தாலும் சரி. என் கணக்கை நான் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கணக்கை அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து
உங்கள் பழைய க்யூசி அண்ணன்